நிலவில் கோடு போட்ட மாதிரி வரிசையாகப் பள்ளங்கள்: 'கட்டீனா' என்றால் என்ன? இதற்குப் பெயர் வைப்பது யார்?

நிலவின் முகத்துக்குக் கிட்டத்தட்ட நடுவில், சுமார் 50 கி.மீ. நீளத்துக்கு 23 சின்னச் சின்னப் பள்ளங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன. தையல் மெஷினில் ஓட்டிய தையல் மாதிரி அவ்வளவு நேர். ஒவ்வொன்றும் சுமார் 1 கி.மீ. முதல் 3 கி.மீ. வரை அகலம்.

விண்கற்கள் எங்கே வேண்டுமானாலும் விழும். ஆனால் வரிசை கட்டி விழுமா? இந்தக் கேள்வி பல ஆண்டுகளாக விஞ்ஞானிகளைச் சுற்றலில் விட்டது. எரிமலை என்றார்கள். பிறகு, உடைந்துபோன வால்நட்சத்திரமாக இருக்கலாம் என்றார்கள். விளக்கம் மாறியும், அந்த இடத்தின் பெயர் மட்டும் மாறவே இல்லை: கட்டீனா டேவி.

காரணம் மாறியும் பெயர் ஏன் மாறவில்லை? அதைப் புரிந்துகொள்ள, நிலவில் பெயர் வைக்கும் முறையைப் பார்க்க வேண்டும்.

'கட்டீனா' என்றால் என்ன?

லத்தீன் மொழியில் 'கட்டீனா' என்றால் சங்கிலி. அவ்வளவுதான். நிலவிலோ வேறு கிரகங்களிலோ பள்ளங்கள் சங்கிலி போல வரிசையாக இருந்தால், அந்த அமைப்புக்கு இந்த முன்சொல் சேர்க்கப்படுகிறது.

நிலவின் மற்ற அமைப்புகளுக்கும் இதே முறைதான். 'மாரே' என்றால் கடல், 'மான்ஸ்' என்றால் மலை, 'வாலிஸ்' என்றால் பள்ளத்தாக்கு, 'ரீமா' என்றால் வெடிப்பு போன்ற நீண்ட பிளவு, 'ரூப்பெஸ்' என்றால் செங்குத்துச் சரிவு. இந்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. சந்திரயான்-3 தரையிறங்கிய இடத்துக்கு 2024 மார்ச்சில் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்ட பெயர் 'ஸ்டேஷியோ சிவசக்தி'. அதில் வரும் 'ஸ்டேஷியோ' என்பதும் லத்தீன்தான், நிலையம் என்று பொருள்.

இந்த முன்சொற்கள் எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற வடிவத்தை மட்டும்தான் சொல்லும். அது எப்படி உருவானது என்று சொல்லாது. நிலவின் 'கடல்'களில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, அவை பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். ஆனாலும் பெயர் கடல்தான். 'கட்டீனா'வும் அப்படித்தான். சங்கிலி மாதிரி தெரிகிறது என்பதோடு அதன் வேலை முடிந்தது.

நிலவில் ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட பள்ளங்களுக்குத் தனிப் பெயர் உண்டு. ஆனால் பெயர் பெற்ற சங்கிலிகள் சுமார் 20 மட்டுமே.

டேவியில் எரிமலை தேடிய காலம்

முதலில் டேவி கதைக்கே வருவோம். ஏனென்றால் இந்த விஷயத்தில் ஒரு நிலவுப் பயணமே தீர்மானிக்கப்பட்டிருக்கலாம்.

நிலவின் பள்ளங்கள் எரிமலை வாய்களா, விண்கல் மோதிய தழும்புகளா என்ற சண்டை 1960கள் வரை ஓயவில்லை. எரிமலைக் கட்சிக்காரர்களின் கையில் இருந்த பெரிய ஆயுதமே இந்தச் சங்கிலிகள்தான். "வானத்தில் இருந்து விழுகிற கல், கோடு பார்த்தா விழும்? தரையில் ஒரு விரிசல் இருக்கிறது, அதன் வழியே வரிசையாக வெடித்திருக்கிறது" என்பது அவர்கள் வாதம். பூமியிலும் நிலப்பிளவு ஓடும் திசையில் எரிமலை வாய்கள் வரிசையாக அமைவது உண்டு. ஆகவே, இது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல.

அப்போலோ திட்டத்தில் எங்கே இறங்கலாம் என்று நாசா பரிசீலித்த இடங்களின் பட்டியலில் டேவி சங்கிலியும் இருந்தது. அங்கே வாயு வெடித்து வெளியேறிய துளைகள் இருந்தால், நிலவின் ஆழத்தில் இருக்கும் பாறைகள் மேலே வந்து கொட்டிக் கிடக்கும். தோண்டவே தேவையில்லை, பொறுக்கி எடுத்து வந்தால் போதும். தென்னாப்பிரிக்காவில் வைரங்களைப் பூமியின் ஆழத்தில் இருந்து மேலே கொண்டுவந்த எரிமலைக் குழாய்கள் போல, இது நிலவுக்குள் எட்டிப் பார்க்கும் ஜன்னல் என்று நிலவியலாளர்கள் நம்பினார்கள்.

கடைசியில் டேவிக்கு யாரும் போகவில்லை. அது நல்லதாகவே போயிற்று என்று சொல்லலாம். ஏனென்றால் 1972 ஏப்ரலில் ஜான் யங், சார்லஸ் டியூக் இருவரும் அப்போலோ 16-ல் டேகார்ட் மேட்டுநிலப் பகுதியில் இறங்கினார்கள். அந்த நிலத்தின் வடிவத்தைப் படங்களில் பார்த்த நிலவியலாளர்கள், அங்கே எரிமலைப் பாறை கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தனர். கிடைத்தவை பெரும்பாலும் மோதலில் நொறுங்கி மறுபடியும் ஒட்டிய கலவைப் பாறைகள். மேலே இருந்து படத்தைப் பார்த்து 'இது எரிமலை' என்று முடிவு செய்வது எவ்வளவு ஏமாற்றும் என்பதை அந்த ஒரு பயணம் காட்டிவிட்டது.

சரி, டேவி எரிமலை இல்லை என்றால் வேறு என்ன?

வியாழனில் கிடைத்த துப்பு

பதில் வந்தது நிலவில் இருந்து இல்லை, வியாழனில் இருந்து.

1993 மார்ச்சில் யூஜின் ஷூமேக்கர், கரோலின் ஷூமேக்கர், டேவிட் லெவி மூவரும் ஒரு விநோதமான வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். அது ஒரே பொருளாக இல்லை. முத்துமாலை போல 20-க்கும் மேற்பட்ட துண்டுகளாக வரிசையில் போய்க்கொண்டிருந்தது. பாதையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, 1992 ஜூலையில் வியாழனுக்கு மிக அருகில் போனபோது அது உடைந்திருக்கிறது என்று தெரிந்தது. 1994 ஜூலை 16 முதல் 22 வரை அந்தத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வியாழன் மீது மோதியதை உலகமே பார்த்தது.

ஏன் உடைந்தது? பெரிய கிரகத்துக்கு அருகில் போகும் பொருளின் கிட்டப் பக்கத்தை அந்த ஈர்ப்பு அதிகமாக இழுக்கும், எட்டப் பக்கத்தைக் குறைவாக இழுக்கும். வால்நட்சத்திரம் ஒன்றும் கெட்டியான கல் இல்லை. பாகு சரியாகப் பிடிக்காத பொரி உருண்டை மாதிரி, தொட்டால் உதிரும் பனியும் தூசியும்தான். இழுவை தாங்காமல் சிதறி, ஒரே பாதையில் வரிசையாக நீள்கிறது.

அந்த வரிசை அப்படியே ஒரு நிலவின் மீது மோதினால்? வரிசையாகப் பள்ளங்கள்!

வியாழனின் கானிமீட், கலிஸ்டோ ஆகிய நிலவுகளில் இப்படிப்பட்ட நேர்கோட்டுச் சங்கிலிகளை 1979-லேயே வாயேஜர் விண்கலங்கள் படம் எடுத்திருந்தன. அவை எப்படி வந்தன என்று சரியான விளக்கம் இல்லாமல் இருந்தது. ஜே மெலாஷ், பால் ஷெங்க் இருவரும் 1993-ல் 'நேச்சர்' இதழில் இந்த வால்நட்சத்திர விளக்கத்தை முன்வைத்தனர். மறு ஆண்டே மெலாஷ், நிலவு வரைபட நிபுணர் யூவன் விட்டேக்கருடன் சேர்ந்து அதே கேள்வியை நம் நிலவுக்கும் கேட்டார்.

அவர்கள் கைகாட்டிய இரண்டு இடங்கள்: டேவி, அபுல்ஃபெடா. அபுல்ஃபெடா சங்கிலி 200 கி.மீ.-க்கும் மேல் நீளமானது, அப்போலோ 16 இறங்கிய இடத்துக்குத் தெற்கே இருக்கிறது. பூமிக்கு மிக அருகில் வந்த ஒரு பொருள் பூமியின் இழுவையில் உடைந்து, அந்தத் துண்டுகள் அடுத்த ஒரு நாளுக்குள் நிலவில் போய் மோதியிருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பயண தூரம் குறைவு. அதனால்தான் துண்டுகள் லட்சக்கணக்கான கி.மீ. விலகாமல் ஐம்பது, இருநூறு கி.மீ. கோட்டுக்குள் அடங்கின.

இதில் ஒரு அழகான சோதனை உண்டு. பூமியைத் தாண்டி வந்த துண்டுகள் நிலவின் எந்தப் பக்கத்தில் விழும்? பூமியைப் பார்த்த பக்கத்தில்தான். டேவி, அபுல்ஃபெடா இரண்டுமே நமக்குத் தெரிகிற பக்கத்தில்தான் இருக்கின்றன.

1997-ல் வேறொரு குழு, வால்நட்சத்திரம் மட்டும் இல்லை, கற்குவியல் போன்ற தளர்வான சிறுகோள்களும் பூமிக்கு அருகே வந்தால் இதே மாதிரி சிதற முடியும் என்று கணினி மாதிரியில் காட்டியது. ஆனால் டேவிக்கு இன்னும் யாரும் போய் ஒரு கல் எடுத்து வரவில்லை. ஆகவே இது பலரும் ஏற்கும் விளக்கம். நேரில் எடுத்த ஆதாரம் என்று சொல்ல முடியாது.

எல்லா சங்கிலியும் ஒரே மாதிரி வந்ததா?

இல்லை. சொல்லப்போனால் டேவி மாதிரியான சங்கிலிகள்தான் அபூர்வம். நிலவில் பெரும்பாலான சங்கிலிகளுக்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது.

சேற்றில் ஒரு கல்லை ஓங்கி எறிந்தால் நாலாபக்கமும் சேறு தெறிக்கும் இல்லையா? நிலவில் பெரிய விண்கல் மோதும்போதும் அதேதான் நடக்கிறது. அங்கே தெறிப்பது வீடு அளவு, மலை அளவுப் பாறைகள். அவை கீற்றுக் கீற்றாகப் பறந்து, வரிசையாக விழுந்து இரண்டாம் கட்டப் பள்ளங்களை உண்டாக்கும். காற்று இல்லாததால் தடுக்கவும் ஆளில்லை. பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் விழும் பாறைகள் கிளப்பும் மண் ஒன்றோடொன்று மோதி, மீன் முள் போன்ற வரிகளையும் விட்டுச்செல்லும்.

இந்த வகையை அடையாளம் காண்பது எளிது. கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் அது ஒரு பெரிய பள்ளத்தில் போய் முடியும். 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிகஸ் பள்ளத்தைச் சுற்றி இப்படி ஏராளமான சங்கிலிகள் உண்டு. டேவியின் கோட்டை எவ்வளவு நீட்டினாலும் அப்படி ஒரு 'தாய்ப் பள்ளம்' மாட்டவில்லை. அங்கேதான் சந்தேகமே தொடங்கியது.

மூன்றாவது வகை, எரிமலைக் கட்சிக்காரர்கள் சொன்னதற்கு நெருக்கமானது. நிலவின் நடுப்பகுதியில் உள்ள ஹைஜினஸ் பிளவில், 200 கி.மீ.-க்கும் மேல் நீளும் வெடிப்பு ஒன்றின் மேல் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன. மோதலில் உருவான பள்ளத்துக்கு விளிம்பு மேடாக எழும்பியிருக்கும். இவற்றுக்கு அது இல்லை. அடியில் இருந்த எரிமலைக் குழம்பு விலகியதால் மேல்தரை உள்ளே இறங்கிய குழிகள் இவை. ஆக, எரிமலை வாதம் முழுக்கத் தப்பு இல்லை. அதை டேவியில் தேடியதுதான் தப்பு.

ஹைஜினஸ் குழிகள் பார்வைக்கு அசல் சங்கிலி. ஆனால் அதற்குக் கட்டீனா என்று பெயர் இல்லை! பிளவின் பெயரிலேயே 'ரீமா ஹைஜினஸ்' என்று அடங்கிவிட்டது.

யார் பெயர் வைக்கிறார்கள்? விதி என்ன?

நிலவில் உள்ள இடங்களுக்கு அதிகாரப்பூர்வமாகப் பெயர் சூட்டும் உரிமை சர்வதேச வானியல் ஒன்றியத்திடம் இருக்கிறது. 1919-ல் தொடங்கப்பட்ட அமைப்பு இது. அதற்கு முன் ஆளாளுக்கு வரைபடம் போட்டு, ஆளாளுக்குப் பெயர் வைத்ததில் ஒரே பள்ளத்துக்கு மூன்று பெயர், ஒரே பெயரில் இரண்டு பள்ளம் என்று பெரிய குழப்பம் இருந்தது. அதைச் சரிசெய்த முதல் அதிகாரப்பூர்வப் பட்டியல் 1935-ல் வந்தது. இப்போது பெயர்களைப் பரிசீலிக்க ஒன்றியத்தில் தனிக்குழு இயங்குகிறது. ஏற்கப்பட்ட பெயர்களின் பட்டியலை அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் பராமரிக்கிறது.

(நிலவில் உங்கள் பெயரில் ஒரு பள்ளம், காதலி பெயரில் ஒரு மலை என்று இணையத்தில் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருபவர்கள் உண்டு. ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம், வரைபடத்தில் ஏறாது.)

பெரிய பள்ளங்களுக்கு மறைந்த விஞ்ஞானிகள், அறிஞர்கள், ஆய்வுப் பயணிகளின் பெயர் வைக்கிறார்கள். இறந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். 19-ம் நூற்றாண்டு முதல் இன்றுவரையுள்ள அரசியல் தலைவர்கள் பெயருக்கு இடமில்லை. இந்த மரபைத் தொடங்கி வைத்தது 1651-ல் வெளியான ரிச்சியோலியின் நூல்.

சங்கிலிகளுக்கு விதி இன்னும் எளிது: பக்கத்தில் எந்தப் பள்ளம் இருக்கிறதோ, அதன் பெயரே சங்கிலிக்கும். டேவி பள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கட்டீனா டேவி. மெண்டலீவ் பள்ளத்துக்குள்ளேயே ஓடினால் கட்டீனா மெண்டலீவ். நம்ம ஊரில் "பிள்ளையார் கோயில் தெரு" என்று சொல்வதுபோல் இது ஒரு முகவரி மட்டுமே. சோடியம், பொட்டாசியம் தனிமங்களைப் பிரித்தெடுத்த ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவிக்கும், 23 பள்ளங்கள் கொண்ட அந்த வரிசைக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதேபோல் 14-ம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இளவரசரும் புவியியல் அறிஞருமான அபுல் ஃபிதாவின் பெயர், பக்கத்துப் பள்ளம் வழியாகச் சங்கிலிக்கும் போய்ச் சேர்ந்தது.

முகவரி முறை என்பதால் சில வேடிக்கைகளும் உண்டு. கிராஃப்ட், கார்டானஸ் என்ற இரு பள்ளங்களை ஒரு 60 கி.மீ. சங்கிலி இணைக்கிறது. பெயர் கிடைத்தது கிராஃப்டுக்கு மட்டும். 10 கி.மீ. கூட நீளமில்லாத மூன்று குட்டிச் சங்கிலிகளுக்கு பிரிஜிட், பியர், யூரி என்று வெறும் முதல்பெயர்கள். இவை யாரையும் குறிப்பவை அல்ல, பொதுவான பிரெஞ்சு, ரஷ்யப் பெயர்கள். யூரி என்றதும் ககாரின் ஞாபகம் வரலாம். அவருக்கு நிலவின் மறுபக்கத்தில் தனியாகப் பெரிய பள்ளமே இருக்கிறது.

இந்த எளிய விதிக்குள் அடங்காத பெயர்கள் மூன்று உண்டு. அங்கே கதை கொஞ்சம் கனமானது.

நிலவில் மூன்று ராக்கெட் கூடங்கள்

நிலவின் மேற்கு ஓரத்தில், பூமியில் இருந்து பாதிகூடச் சரியாகத் தெரியாத இடத்தில், ஓரியண்டேல் என்ற பிரமாண்டப் படுகை இருக்கிறது. சுமார் 930 கி.மீ. அகலம். அந்த மோதலில் தெறித்த பாறைகள் கோடு கோடாக மறுபக்கம் வரை பாய்ந்திருக்கின்றன. அதற்கு வடமேற்கே மூன்று நீண்ட சங்கிலிகள்: சுமார் 360 கி.மீ., சுமார் 450 கி.மீ., சுமார் 270 கி.மீ.

அவற்றின் அதிகாரப்பூர்வப் பெயர்கள் இப்படி இருக்கும்: கட்டீனா லியூஷ்னர் (ஜி.டி.எல்.), கட்டீனா மைக்கேல்சன் (கிர்ட்), கட்டீனா லுக்ரீஷியஸ் (ஆர்.என்.ஐ.ஐ.). நிலவு வரைபடத்தில் பெயருக்குள் அடைப்புக்குறி வருவது மிக அரிது. அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பவை சோவியத் யூனியனின் தொடக்ககால ராக்கெட் ஆய்வுக் கூடங்கள்.

நிலவின் மறுபக்கத்தை முதலில் படம் எடுத்தது சோவியத்தின் லூனா 3, 1959 அக்டோபரில். 1965 ஜூலையில் சோண்ட் 3 மேலும் தெளிவான படங்களை அனுப்பியது. முதலில் பார்த்தவர்கள் பெயர் வைக்க முனைவது இயல்புதானே? தங்கள் ராக்கெட் முன்னோடிகளை அவர்கள் நிலவில் ஏற்றினார்கள். ஆட்களை மட்டும் இல்லை, அவர்கள் வேலை பார்த்த இடங்களையும்.

ஜி.டி.எல். என்பது லெனின்கிராடில் இயங்கிய வாயு இயக்கவியல் ஆய்வகம். கிர்ட் என்பது 1931-ல் மாஸ்கோவில் ஒரு நிலவறையில் தொடங்கிய ராக்கெட் ஆர்வலர் குழு. காசே இல்லாத குழு. 'கிர்ட்' என்ற சுருக்கத்துக்கு "சும்மா உழைக்கும் பொறியாளர் குழு" என்று அவர்களே கிண்டலாக விரிவு சொல்லிக்கொண்டார்கள். 1933 ஆகஸ்டில் அவர்கள் விட்ட ராக்கெட் சில நூறு மீட்டர் உயரம் போனது. அந்த ஆண்டே இரண்டு அமைப்புகளும் ஒன்றாக்கப்பட்டு ஆர்.என்.ஐ.ஐ. என்ற ராக்கெட் ஆய்வு நிறுவனம் உருவானது.

அதன் பிறகு நடந்தது கொடுமை. ஸ்டாலினின் களையெடுப்பில், ஆர்.என்.ஐ.ஐ.-யின் இயக்குநர் கிளைமியோனவ், தலைமைப் பொறியாளர் லாங்கெமாக் இருவரும் 1938 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். கிர்ட் குழுவை வழிநடத்திய செர்கேய் கோரொலியோவ் அதே ஆண்டு கைதாகி, சைபீரியாவின் கோலிமா முகாமுக்கு அனுப்பப்பட்டார். உயிர் பிழைத்துத் திரும்பிய அவர்தான் பிற்பாடு ஸ்புட்னிக்கையும் ககாரினையும் விண்ணுக்கு அனுப்பியவர். 1966-ல் இறக்கும் வரை அவர் பெயரைச் சோவியத் அரசு வெளியே சொல்லவே இல்லை.

இன்று நிலவின் மறுபக்கத்தில் கிளைமியோனவ், லாங்கெமாக் பெயரில் பள்ளங்கள் உண்டு. கோரொலியோவின் பெயரில் இருப்பது 400 கி.மீ.-க்கும் மேல் அகலமான ராட்சதப் பள்ளம். அவர்கள் எல்லோரும் சேர்ந்து வேலை பார்த்த இடத்தின் பெயர், ஒரு சங்கிலியின் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

பக்கத்துப் பள்ளத்தின் பெயரையே சங்கிலிக்கு வைக்க வேண்டும் என்ற விதியையும் விடாமல், சோவியத் பெயரையும் தள்ளாமல் செய்த சமரசம்தான் இந்த இரட்டைப் பெயர். விளைவு என்ன தெரியுமா? ஒளியின் வேகத்தை அளந்த அமெரிக்க நோபல் விஞ்ஞானி மைக்கேல்சனும், மாஸ்கோ நிலவறையில் ராக்கெட் செய்த இளைஞர்களும் ஒரே பெயர்ப் பலகையில் இருக்கிறார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

மற்ற கிரகங்களில் எப்படி?

இடத்துக்கு இடம் விதி மாறும். புதன் கிரகத்தில் சங்கிலிகளுக்கு ரேடியோ தொலைநோக்கி மையங்களின் பெயர்: அரெசிபோ, கோல்ட்ஸ்டோன், ஹேஸ்டாக். போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது, புதனில் பெயர் அப்படியே இருக்கிறது. கானிமீடில் பண்டைய 'வளமான பிறை' நிலப்பகுதி மக்களின் கடவுள்கள், நாயகர்களின் பெயர். அங்குள்ள 'என்கி' சங்கிலியில் 13 பள்ளங்கள் பிசிறில்லாத வரிசையில் நிற்கின்றன. கலிஸ்டோவில் வடதுருவ மக்களின் புராணங்களில் வரும் ஆறுகள், பள்ளத்தாக்குகள்.

செவ்வாயிலும் கட்டீனாக்கள் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலானவை மேல்தரை சரிந்து உண்டான குழிகள். கானிமீடின் என்கியும் செவ்வாயின் குழி வரிசையும் பிறப்பால் முற்றிலும் வேறானவை. இரண்டுக்கும் முன்சொல் ஒன்றுதான்.

இதெல்லாம் இப்போது ஏன் முக்கியம்?

நிலவின் தென்துருவத்துக்கு மனிதர்களை அனுப்பும் வேலையில் நாசா இறங்கியிருக்கிறது. அங்கே சங்கிலிகளின் பிறப்பு, ஏட்டு ஆராய்ச்சி மட்டும் இல்லை.

துருவத்தில் இருந்து சுமார் 450 கி.மீ. தொலைவில் ஷ்ரோடிங்கர் என்ற பெரிய மோதல் படுகையின் மையம் இருக்கிறது. அதில் இருந்து இரண்டு நீண்ட பள்ளத்தாக்குகள் நேர்கோட்டில் கிளம்புகின்றன: வாலிஸ் ஷ்ரோடிங்கர், வாலிஸ் பிளாங்க். சுமார் 270, 280 கி.மீ. நீளம். ஆழம் 2.7 கி.மீ., 3.5 கி.மீ. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனை விட ஆழம். பெயரில் 'வாலிஸ்' இருப்பதால் ஆறு அரித்த பள்ளத்தாக்கு போலத் தோன்றும். உண்மையில் இவை ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கலந்துபோன பள்ளச் சங்கிலிகள்.

டேவிட் கிரிங் தலைமையிலான குழு 2025 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, மணிக்குச் சுமார் 3,400 முதல் 4,600 கி.மீ. வேகத்தில் பறந்துவந்த பாறைகள் இவற்றைத் தோண்டின. எடுத்துக்கொண்ட நேரம் 10 நிமிடத்துக்கும் குறைவு. கிராண்ட் கேன்யனைத் தோண்டக் கொலராடோ ஆறு பல லட்சம் ஆண்டுகள் உழைத்தது.

கோடுகளின் திசையைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மோதிய பொருள் சாய்வாக வந்திருக்கிறது, தெறித்த குப்பையில் பெரும்பகுதி துருவத்துக்கு எதிர்த்திசையில் போயிருக்கிறது. அப்படியென்றால் விண்வெளி வீரர்கள் இறங்கப்போகும் பகுதியில் ஷ்ரோடிங்கர் குப்பை மெல்லிசாகத்தான் மூடியிருக்கும். அதற்கும் முந்தைய, நிலவின் மிகப் பழைய பாறைகளை அவர்கள் எளிதாக எடுக்க வாய்ப்பு அதிகம். அப்போலோ 16-ல் வடிவத்தைப் பார்த்துத் தவறிய கணக்கு, இந்த முறை வேகத்தையும் திசையையும் சேர்த்துப் போடப்பட்டிருக்கிறது.

வீட்டு மொட்டைமாடியில் இருந்து பார்க்க முடியுமா?

சில சங்கிலிகளைப் பார்க்கலாம். பௌர்ணமி அன்று மட்டும் முயற்சி செய்ய வேண்டாம். வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது, பள்ளங்கள் தட்டையாகிவிடும்.

வளர்பிறை அஷ்டமி, நவமி நாட்களில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோடு நிலவின் நடுவில் இருக்கும். அந்தக் கோட்டுக்கு அருகில்தான் டேவி. டாலமேயஸ் என்ற 150 கி.மீ. அகலப் பெரும்பள்ளத்தை முதலில் பிடித்துக்கொண்டு, அதன் மேற்கே நகர்ந்தால் டேவி பள்ளமும், அதை ஒட்டி அந்த 23 புள்ளிகள் உள்ள இடமும் வரும். பள்ளங்கள் சிறியவை என்பதால் எட்டு அங்குலத் தொலைநோக்கியாவது வேண்டும், வானமும் அசையாமல் இருக்க வேண்டும்.

சின்னத் தொலைநோக்கிதான் இருக்கிறதா? ஹைஜினஸ் பிளவு அதிலேயே மெல்லிய கீறலாகத் தெரியும். ஓரிரு நாள் கழித்து கோப்பர்நிகஸ் பக்கம் திருப்பினால், அதற்கும் எரடோஸ்தனிஸ் பள்ளத்துக்கும் இடையில், ஸ்டேடியஸ் என்ற மங்கிய வளையத்தை ஒட்டி ஓடும் சின்னப் பள்ளங்களின் வரிசைகளைப் பார்க்கலாம். கோப்பர்நிகஸ் மோதலில் தெறித்தவை அவை. பார்க்கக் கச்சிதமான சங்கிலிகள்தான், ஆனால் கட்டீனா பட்டியலில் அவற்றுக்கு இன்னும் பெயர் இல்லை.